காரின் குரலை மாற்றுதல்

புனே நகரில் வாழும் நம்மவர்க்கு மோட்டார் ஓசை புதிதன்று. பிம்ப்ரியும் ஆகுர்டியும் சாக்கணும் மோட்டார் வண்டிகளாலேயே பிழைக்கும் ஊர்கள். கோத்ரூடுப் பக்கத்து வேதாள் குன்றின்மேல், 1966ஆம் ஆண்டில் தோன்றிய ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் மோட்டார் வாகன ஆராய்ச்சி நிலையம் அமர்ந்திருக்கிறது. புதிய வண்டி ஒன்று எவ்வளவு புகை விடலாம், எவ்வளவு ஓசை எழுப்பலாம் என்று அளந்து சான்றளிக்கும் இடங்களுள் அது முதன்மையானது. காலையில் அக்குன்றின்மேல் உலாவச் செல்லும் நான், அதன் மதிலோரமாகப் பல ஆண்டுகள் நடந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளை மொழிபெயர்ப்பவனுக்கு மோட்டாரோடு என்ன உறவு?

உறவை உண்டாக்கியவன் கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்காளின் மகன். ஹிஞ்ஜவடியில் கணிப்பொறி வேலை. சென்ற ஆண்டு அவன் பழைய கார் ஒன்றை வாங்கினான். ‘அபார்த் புண்ட்டோ’ என்பது அதன் பெயர். பார்வைக்குச் சாதாரணச் சிறு காரே. ஆனால் 1368 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 145 குதிரைத்திறன் எடுக்கும் பந்தய இயல்புள்ள வண்டி. ஒரு சனிக்கிழமை, நீண்ட அட்டைப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

“மாமா, உங்கள் குடியிருப்பில் கார் நிறுத்த நல்ல இடம் இருக்கிறது. நீங்கள் காகிதத்தைப் படித்துச் சொல்லுங்கள், நான் ஸ்பானரைப் பிடிக்கிறேன்” என்றான்.

பெட்டியினுள் பளபளக்கும் எவர்சில்வர்க் குழாயும், அதன் நடுவே உருளை ஒன்றும், இறுதியில் வாயகன்ற நுனியும் இருந்தன. காரோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனத்தார் செய்து விற்கும் இதனை மாட்டவேண்டும் என்பது அவன் விருப்பம். உடன் வந்த குறிப்பேடு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதில் கண்ட ‘மஃப்ளர்’ என்னும் சொல் என்னைச் சற்றுநேரம் திகைக்க வைத்தது. நமக்கு மப்ளர் என்பது மார்கழிக் குளிருக்குக் கழுத்திலும் காதிலும் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துண்டு. அமெரிக்கர் அதே சொல்லை நாம் சைலன்சர் என்று வழங்கும் பொருளுக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அது பொருத்தமான பெயர்தான். வாயடைத்து மௌனமாக்குவது அதன் வேலையன்று; குரலைப் போர்த்தி மென்மையாக்குவதே வேலை.

நேயர்களே, அந்த இரண்டு நாட்களில் நான் கற்றுக்கொண்டவற்றையும், கற்கும்போது எங்களுக்கு நேரவிருந்த ஒரு விபத்தையும் இங்கே சொல்ல எண்ணுகிறேன். உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ இப்படியொரு பெட்டியுடன் வந்து நிற்கும் நாள் தொலைவில் இல்லை.

முதலில் ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன. பிஸ்டன் அடித்தளத்தை எட்டும் தறுவாயில் வெளியேற்றும் வால்வு திறக்கிறது. அப்போதும் உள்ளே இருக்கும் வாயு மிகுந்த அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் இருக்கிறது. சோடாப் புட்டியின் கோலியைத் தட்டியதும் எழும் ‘டப்’ என்னும் ஒலியை அறிவீர்கள். வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அப்படியொரு வெடிப்பு, ஆனால் பன்மடங்கு வலிமையுள்ளது, குழாய்க்குள் பாய்கிறது. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சினில், சுழல்தண்டு ஒருமுறை சுற்றும்போது இவ்வாறு இரண்டு வெடிப்புகள். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 6000 வெடிப்பு, நொடிக்கு 100. தனித்தனி வெடிப்பாக நமக்குக் கேட்பதில்லை. நொடிக்கு நூறு துடிப்புள்ள கனத்த ஒரு சுருதியாகவே அது காதில் விழுகிறது. காரின் குரல் என்று நாம் சொல்வது இந்தச் சுருதியையும், அதன்மேல் ஏறி ஒலிக்கும் பல கிளைச் சுருதிகளையும்தான்.

இந்த ஓசையை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்னும் சகோதரர் 1897ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்கள். அதன் பின்னர் எத்தனையோ அமைப்புகள் வந்தன. அடிப்படை வகைகள் இரண்டே. ஒன்று அறை வகை. நம் ஊர்ப் பழைய நாலுகட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருவில் எத்தனை ஆரவாரம் இருந்தாலும், திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று கடந்து சமையற்கட்டுக்கு வரும்போது அது முணுமுணுப்பாக ஒடுங்கிவிடும். ஒவ்வொரு கட்டிலும் ஒலி சுவரில் மோதித் திரும்புகிறது. திரும்பிய அலையும் வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அறை வகைச் சைலன்சருக்குள்ளும் தகடுகளால் தடுத்த சிறு அறைகள் உண்டு. ஆனால் வாயுவும் அதே வளைவு நெளிவுகளில் புகுந்து வரவேண்டியிருப்பதால் அதற்குச் சிறிது இடர்ப்பாடு ஏற்படுகிறது.

மற்றொன்று உறிஞ்சும் வகை. இதில் குழாய் நேராகவே செல்லும். அதன் உடலெங்கும் சிறு துளைகள். துளைகளைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. அதற்கு வெளியே உறை. வைக்கோற்போரின் நடுவே நின்று பேசினால் குரல் எழும்பாதது போல, பஞ்சுக்குள் புகும் ஒலியின் ஆற்றல் உராய்வினால் கரைந்துபோகிறது. வாயுவுக்குத் தடையில்லை. எனினும் உயர்ந்த சுருதிகளை நன்கு விழுங்கும் பஞ்சு, தாழ்ந்த சுருதியை அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால்தான் இவ்வகைச் சைலன்சர் மாட்டிய கார்கள் அடித்தொண்டையில் உறுமுகின்றன. பெட்டியில் வந்தது இந்த இரண்டாம் வகை.

இவ்விடத்தில் ஒரு சரித்திரச் செய்தியைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. 1908இல் வியன்னா நகரில் பிறந்த கார்ல் அபார்த் என்பவர் இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். பின்னர் இத்தாலியில் குடியேறித் தம் பெயரைக் கார்லோ என்று மாற்றிக்கொண்டு, 1949இல் தம் பெயரிலேயே நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தமது பிறந்த ராசியான விருச்சிகத்தை, அதாவது தேளை, அதற்குச் சின்னமாக வைத்தார். பந்தயக் கார்கள் செய்வது அவருடைய கனவு. அந்தக் கனவுக்குச் சோறிட்டது என்னவோ சைலன்சர் வியாபாரம். ஃபியட் முதலிய சிறு கார்களுக்கு ஏற்ற புகைக்குழாய்களைச் செய்து, கரிய வண்ணம் பூசி, பளபளப்பான நுனி வைத்து, கடைகளில் விற்றார். போருக்குப் பின் பெரிய கார் வாங்க வசதியற்ற இத்தாலிய இளைஞர்கள், சிறு காருக்கேனும் பெரிய குரல் வேண்டும் என்று அவற்றை விரும்பி வாங்கினார்கள். 1971இல் ஃபியட் நிறுவனம் அபார்த் நிறுவனத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பிற்காலத்தில் அந்தத் தேள் சின்னத்தைத் தாங்கி 2015இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த புண்ட்டோ, நம் புனே மாவட்டத்து ராஞ்சன்காவில் தயாரானது. ஆகவே என் மருமகன் செய்ய முனைந்த செயல் அந்தக் காரின் குலத்தொழில்தான். இதை அவனிடம் சொன்னேன், “பார்த்தீர்களா மாமா!” என்று ஏதோ வழக்கில் வென்றவன்போல் மகிழ்ந்தான்.

நம் பக்கத்திலும் இந்தக் கலைக்கு மரபு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களைக் கண்டவர்கள் நேயர்களில் பலர் இருக்கக்கூடும். 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்திவந்தது. பட்டறையில் குழாயை வளைத்து, பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து, மீண்டும் வெட்டி ஒட்டிய கைவினைஞர்களின் உழைப்பு அங்கே ஒலித்தது. கோயம்புத்தூரில் கரிவர்தன் உள்நாட்டிலேயே பந்தயக் கார்களை உருவாக்கி இளைஞர்களை ஓட்டவைத்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. என் மருமகன் அதன் வேலியோரம் நின்று வளர்ந்தவன் என்பதை மறந்துவிடக்கூடாது.

சைலன்சரை மாற்றினால் வேகம் கூடுமா? விற்பவர் கூடும் என்பர். அந்தப் புண்ட்டோ டர்போ அமைப்புள்ளது. வெளியேறும் வாயு முதலில் சிறு காற்றாடி ஒன்றைச் சுழற்றி, அதன் பிறகே குழாய்க்குள் வருகிறது. காற்றாடிக்குப் பின்னால் தடை குறைந்தால் அது எளிதாகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் தடையின் பெரும்பங்கு காற்றாடியை அடுத்த பகுதியிலும், அதன் அருகே உள்ள வினையூக்கிப் பெட்டியிலும் இருக்கிறது. கடைக்கோடியில் உள்ள சைலன்சரில் அன்று. கடைக்கோடியை மட்டும் மாற்றினால் கிடைக்கும் வலிமையை ஓட்டுபவர் உணர்வது அரிது. கூடுவது குரல் மட்டுமே. “எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், இல்லையேல் இழுவை குறையும்” என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. அதுவும் சரியன்று. அழுத்தத்தால் நன்மை ஏதும் இல்லை. குழாய் அளவுக்குமேல் அகன்றுவிட்டால் வாயுவின் வேகம் தளர்ந்து, ஒரு வெடிப்பு தனக்குப் பின்வருவதை இழுத்துச் செல்லும் உதவி குன்றிவிடும். டர்போ இல்லாத எஞ்சின்களில் இது நன்றாகத் தெரியும். அதைத்தான் வேறு பெயரிட்டுச் சொல்கிறார்கள்.

இப்போது சொன்ன வினையூக்கிப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் கொண்ட மண்பாண்டக் கட்டி. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. சூடேறியபின் இதன் வழியே செல்லும் நச்சு வாயுக்கள் மாற்றமடைகின்றன. கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகவும், எரியாத எரிபொருள் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் மீண்டும் நைட்ரஜனாகவும் ஆகின்றன. நம் நாட்டில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இதன் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களுக்கு வந்தது. சிலர் வேகத்தின்மேல் உள்ள ஆசையால் இந்தப் பெட்டியையே அறுத்தெறிந்துவிட்டு வெறுங்குழாயைச் செருகிவிடுகிறார்கள். உலோகத்தின் விலைக்காக அதனை வாங்கிக்கொள்ளும் பழைய இரும்புக் கடைகளும் உண்டு. புகைச் சோதனையில் வண்டி தோற்கும், எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பன சிறு துன்பங்கள். அந்த நச்சை மூச்சாக இழுக்கப்போவது சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநரும் பள்ளிப் பிள்ளைகளும் ஆவர். இதைத் தொடுவதில்லை என்று முதலிலேயே மருமகனிடம் உறுதி பெற்றுக்கொண்டேன். அவனும் தொடும் எண்ணம் உடையவனல்லன்.

இனி வேலைக்கு வருவோம். ராஸ்தா பேட்டையில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் வேலூர்க்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் ஆலோசனை கேட்கச் சென்றோம். குழாயை ஏறிட்டுப் பார்த்தார், காரையும் பார்த்தார். “மாட்டுவது பெரிய வித்தையில்லை சார். காரைத் தூக்கி நிறுத்துவதுதான் வித்தை. தம்பி, ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. அதை மட்டும் மறக்காதே” என்றார். பிறகு தம்மிடமிருந்த இரும்புத் தாங்கிகள் இரண்டை எங்களிடம் கொடுத்தனுப்பினார். வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

மாலையே துருப்பிடித்த போல்ட்டுகளின்மேல் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவைத்தோம். இரவு முழுதும் அது ஊறவேண்டும். இல்லாவிடில் நட்டுக்குப் பதிலாகப் போல்ட்டே முறிந்து கையில் வரும். மறுநாள் காலை, எஞ்சினைத் தொடாமல், குழாய் முற்றும் குளிர்ந்திருந்த நிலையில் வேலையைத் தொடங்கினோம். ஓடி நின்ற காரின் புகைக்குழாய் நீண்டநேரம் கொதிநிலையிலேயே இருக்கும். வெறுங்கையால் தொட்டவர் தழும்போடு திரும்புவர். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை கொடுத்து, ஜாக்கியால் பின்புறத்தை உயர்த்தி, இருபுறமும் தாங்கிகளை வைத்தான். ஒரு பக்கத்துத் தாங்கி சரியான இடத்தில் அமரவில்லை என்று, அதைச் சரிசெய்ய மறுபடியும் ஜாக்கியால் சற்றே உயர்த்தினான்.

அப்போது நடந்தது இது. எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் பதித்திருப்பவை மணலின்மேல் அடுக்கிய சிமெண்டுக் கற்கள். ஆவணி மழையில் கீழே மணல் அரித்துப்போயிருந்தது எங்களில் எவருக்கும் தெரியாது. ஜாக்கியின் பாதத்தின்கீழ் இருந்த கல் ஒன்று மெல்லப் புதைந்தது. ஜாக்கி சாய்ந்தது. கார் ஒருபுறமாக இறங்கி, பெருஞ்சத்தத்தோடு எதன்மீதோ உட்கார்ந்தது. என் மருமகன் அந்த நொடிக்குச் சற்று முன்தான், கீழே உருண்டுபோன நட்டை எடுக்கத் தலையை வெளியே இழுத்திருந்தான்.

கார் உட்கார்ந்தது உபரிச் சக்கரத்தின்மேல். வேலை தொடங்கும்போது, எங்கள் குடியிருப்பின் மராட்டியக் காவற்காரர் டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை வெளியே எடுத்து, “இதைச் சும்மா ஏன் ஓரத்தில் வைக்கிறீர்கள்?” என்று கேட்டு, கார்க் கதவின் அடிப்பகுதிக்கு நேர்கீழே தள்ளிப் படுக்கவைத்திருந்தார். இளமையில் லாரியில் கிளீனராக இருந்தவராம். நாங்கள் அதைக் கிழவருடைய வழக்கம் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். சக்கரத்தின் இரும்பு வளையம் சற்று நெளிந்தது; அவ்வளவுதான். என் மனைவி மாடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கீழே இறங்கி வந்தவள் ஒரு சொல்லும் பேசாமல், மருமகனுடைய கையைப் பிடித்து அழைத்துச் சென்று நாற்காலியில் உட்காரவைத்தாள். அரைமணி நேரம் எவரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

பிற்பகலில்தான் மறுபடியும் தொடங்கினோம். இம்முறை காங்கிரீட்டுத் தளமுள்ள இடத்துக்குக் காரை நகர்த்தி, ஜாக்கியின் கீழும் தாங்கிகளின் கீழும் கனமான பலகை வைத்து, காரைக் கையால் அசைத்து ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று கண்டபின்பே அடியில் நுழைய விட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் எளிதாகவே நடந்தது. சைலன்சரைத் தாங்கி நிற்பவை தடித்த ரப்பர் வளையங்கள். அவற்றின்மேல் சோப்புத் தண்ணீரைப் பூசி நெம்பினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் பூசினால் ரப்பர் கெடும். கடைசி வளையத்தைக் கழற்றுமுன் சைலன்சரின் கீழே கட்டையை முட்டுக்கொடுக்கவேண்டும். இல்லையேல் முழுப்பாரமும் முன்குழாயின் இணைப்பில் தொங்கி அதை வளைத்துவிடும்.

புதியதை முதலில் ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, புதுக் கேஸ்கெட் வைத்து, முன்குழாயோடு பொருத்தி, நட்டுகளைக் கைவிரலால் மட்டும் திருகினான். உடனே இறுக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, பம்பரிலிருந்தும் பெட்ரோல் தொட்டியிலிருந்தும் பிரேக் குழாய்களிலிருந்தும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்து, அதன் பிறகே எஞ்சின் பக்கத்திலிருந்து வால் பக்கமாக ஒவ்வொன்றாய் இறுக்கவேண்டும். சூட்டில் இரும்பு நீளும்; ஓடும்போது எஞ்சின் அசையும்; குளிர்ந்து நிற்கும்போது விரற்கடை இடைவெளி இருந்தது என்பதற்காக, ஓடும்போதும் இடிக்காது என்று சொல்ல முடியாது. வெப்பத்தைத் தடுக்கும் தகடுகளைக் கழற்றியிருந்தால் மறவாமல் திரும்ப மாட்டவேண்டும். எவர்சில்வர்க் குழாயின் மேல் படிந்த கைரேகைகளை ஸ்பிரிட்டுத் துணியால் துடைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் முதற்சூட்டிலேயே அவை கருகிக் கறையாக நிலைத்துவிடும்.

காரைத் தரையில் இறக்கிய பின்னர், வெட்டவெளியில் எஞ்சினை ஓடவிட்டோம். வெட்டவெளி என்பதை அழுத்திச் சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் பொருளோடு, உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டிச் சோதித்து, தலைவலி என்று உட்கார்ந்தவர் எழாமலே போயிருக்கிறார்கள். இணைப்புகளில் கசிவு உண்டா என்பதை அறிய, தடித்த துணியைச் சுருட்டிக் குழாயின் வாயைச் சில நொடிகள் அரைகுறையாக அடைத்துப் பிடித்தால், கசியும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். எங்களுக்கு ஓரிடத்தில் கேட்டது. அரைத் திருகு இறுக்கியதும் நின்றது. காரின் தளத்துக்குக் கீழே கசியும் வாயு உள்ளே அமர்ந்திருப்பவர்களைச் சேர வழியுண்டு என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடிக் குளிர்ந்தபின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கவேண்டும் என்று குறிப்பேடு சொல்லியது, இறுக்கினோம். இரண்டு நட்டுகள் உண்மையாகவே தளர்ந்திருந்தன.

இனி குரலைப் பற்றி. நன்றாகத்தான் இருந்தது; பொய் சொல்வானேன்? முல்ஷி ஏரிச் சாலையில், ஆளில்லா இடத்தில், மலைச்சரிவுகள் அந்த உறுமலைத் திருப்பியனுப்பியபோது, கோப்பு மொழிபெயர்க்கும் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் மும்பை விரைவுச் சாலையில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் சென்றபோது வேறொன்று புலப்பட்டது. நொடிக்கு நூறு துடிப்பு என்று முன்பு சொன்னேன் அல்லவா? அந்தச் சுருதி காரின் உட்கூட்டோடு ஒத்திசைந்து, தம்புராவின் மந்தரத்தை மட்டும் இடைவிடாமல் மீட்டுவது போல் காதுக்குள் ரீங்கரிக்கத் தொடங்கியது. லோணாவளாவை அடைவதற்குள் என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் குடியிருப்பிலும் அது கேட்டது. என் கைப்பேசியைக் கொண்டு மாடத்திலிருந்து அளந்து பார்த்தேன். பழைய சைலன்சரோடு கார் கிளம்பும்போது 61 டெசிபல் காட்டியது, புதியதோடு 70. கைப்பேசி நம்பத்தக்க கருவியன்று; எனினும் ஒரே கருவியால் ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு அளவுகளை ஒப்பிடலாம். டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்குப் போன்றதன்று. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் என வரம்பு வைத்திருக்கின்றன. எங்கள் மேல்வீட்டு மராட்டியக் குடும்பத்தில் மகள் மருத்துவமனைத் தாதி. இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்குத்தான் படுப்பாள். என் மருமகன் எங்கள் வீட்டில் தங்கும் நாட்களில் எட்டேகால் மணிக்குக் கிளம்புவான். அவளுடைய தகப்பனார் சண்டைக்கு வரவில்லை. படியில் என்னைக் கண்டபோது, “உங்கள் பாச்சா ஊருக்கு எப்போது போகிறார்?” என்று மட்டும் கேட்டார். பாச்சா என்றால் மராட்டியில் உடன்பிறந்தாள் மகன். பல்லாண்டுகளாக எனக்கு மராட்டியில் எழும் ஐயங்களைத் தீர்த்துவைப்பவர் அவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். சட்ட வாசகம் படிப்பது என் தொழில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. சான்றிதழில் சைலன்சரைப் பற்றிய குறிப்பே இல்லையே என்று வாதிடுவோர் உளர். அவர்களையும் 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விடுவதில்லை. ஓசை, புகை வரம்புகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற் குற்றத்துக்கே பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு. பயணியர் கார் விற்பனைக்கு வருமுன், ஏழரை மீட்டர் தொலைவில் ஒலிவாங்கி வைத்து, வேகமெடுக்கச் செய்து அளக்கையில் 74 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது விதி. நான் தினமும் கடந்துசெல்லும் குன்றின்மேல் நடக்கும் வேலை அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. பல நகரங்களில் காவல்துறையினர், பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி ரோடு ரோலரை ஏற்றி நசுக்குவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை புல்லட் மோட்டார் சைக்கிள்களுடையவை. ஓசை அதிகம் என்று சிக்கியவற்றுக்குக் காரென்ன, மோட்டார் சைக்கிளென்ன?

இவற்றையெல்லாம் நான் மருமகனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் வாதிடவில்லை. “மேல்வீட்டு அக்காவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கலாமே மாமா” என்றான். அடுத்த ஞாயிறன்று காங்கிரீட்டுத் தளத்தில், பலகைகளின்மேல், பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டினான். காவற்காரர் இம்முறை கேளாமலே ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். முன்பு ஒரு பகல் முழுதும் ஆன வேலை, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

எவர்சில்வர்க் குழாய் என் பழைய வேட்டி ஒன்றில் சுற்றப்பட்டு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பொங்கலுக்குக் கோயம்புத்தூர் போகும்போது அதையும் டிக்கியில் எடுத்துச் செல்லப்போகிறானாம். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதையைப் பொதுமக்கள் ஓட்டத் திறந்துவிடும் நாளில், அக்காள் வீட்டு வாசலில் வைத்து மாட்டி, ஓட்டிவிட்டு, அன்று மாலையே கழற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். இரும்புத் தாங்கிகளை வேலூர்க்காரரிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டபோது, “பொங்கல் வரைக்கும் தம்பியிடமே இருக்கட்டும் சார்” என்றார்.